ஓரினத் தாவரத்தில் வேற்றுருவ மலர்கள்

ஓரினத்தைச் சேர்ந்த தாவரங்களின் மலர்கள் யாவும் ஒரே அமைப்புடையனவாயிருக்கும் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். இலையும் தண்டும் நிலத்துக்கும் நீருக்கும் ஏற்ப வேறுபடினும் மலர் வேறுபடாதெனக் கொண்டே தாவரவியலார் தாவரங்களை வகுத்தனர். 1735ஆம் ஆண்டிலே இலின்னேயசு வெளியிட்ட பாகுபாடு, மலரிலுள்ள ஆண், பெண் உறுப்புகளின் எண்ணிக்கையையும் அமைப்பையுமே அடிப்படையாகக் கொண்டது. எனினும், ஒரே நிலத்தில், ஒரே வித்திலிருந்து முளைத்த செடிகளுள் ஒன்று ஒருவகை மலரையும், அதன் அருகே நிற்பது மற்றொருவகை மலரையும் பூப்பதுண்டு. இவ்வேற்றுமை நோயினால் விளைந்ததன்று. உரம், நீர் முதலியவற்றின் குறைவால் நேர்ந்ததுமன்று. தலைமுறை தலைமுறையாக, ஒழுங்கான விகிதத்திலே தொடர்ந்து வருவது. இஃது எதன் பொருட்டு அமைந்தது? எவ்வாறு நிலைபெறுகின்றது? எந்நிலையில் அழிந்துபோகின்றது? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்ட விடைகளைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மலரின் உறுப்புகளை நினைவுகூர்தல் நலம். மலரின் ஆணுறுப்பு கேசரம். அதன் நுனியிலுள்ள மகரந்தக்கூட்டில் மகரந்தமணிகள் உண்டாகின்றன. பெண்ணுறுப்பின் அடியிலே சூலகமும், அதன்மேல் தம்பம் என்னும் மெல்லிய தண்டும், தம்பத்தின் நுனியிலே மகரந்தத்தை ஏற்கும் குறியும் உள்ளன. ஒரு மலரின் மகரந்தம் அம்மலரின் குறியையோ அதே செடியிலுள்ள பிறிதொரு மலரின் குறியையோ அடைவது தன்மகரந்தச் சேர்க்கை. வேறொரு செடியின் மலரை அடைவது அயன்மகரந்தச் சேர்க்கை. பெரும்பாலான மலர்களில் இருபாலுறுப்புகளும் ஒருங்கே இருக்கின்றன. எனவே தன்மகரந்தச் சேர்க்கையே எளிதாகவும் இயல்பாகவும் நிகழவேண்டுமென நாம் எதிர்பார்ப்போம். இயற்கையோ அதனைத் தடுப்பதற்குப் பல வழிகளை வகுத்திருக்கின்றது. அவ்வழிகளுள் மிக நுட்பமானது தம்பத்தின் நீளத்தால் அமைந்த வேற்றுமை.

குண்டூசிக் கண்ணும் நூன்முனைக் கண்ணும்

ஐரோப்பாவின் புல்வெளிகளிலே இளவேனிற் காலத்தில் மஞ்சள் நிறமாகப் பூப்பது கௌசிலிப் என்னும் சிறு செடி. அது பிறிமுலா என்னும் சாதியைச் சேர்ந்தது. அதன் மலர் அடியிற் குழாயாகவும் மேலே ஐந்து இதழ்களாகவும் விரிந்திருக்கும். சில செடிகளின் மலரை மேலிருந்து நோக்கினால், குழாயின் வாயிலே குண்டூசித் தலை போன்று உருண்ட குறி தோன்றும். இவற்றில் தம்பம் நீண்டது. மகரந்தக்கூடுகள் குழாயின் நடுவே தாழ்ந்திருக்கும். வேறு சில செடிகளிலே குழாயின் வாயில் ஐந்து மகரந்தக்கூடுகள் நெருங்கி நிற்கும். தம்பம் குறுகியதாதலால் குறி குழாயின் நடுவில் மறைந்திருக்கும். ஒருவகையில் குறி நிற்கும் உயரத்திலேயே மறுவகையில் மகரந்தக்கூடு நிற்கின்றது என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. ஒரு செடியிலுள்ள மலர்கள் அனைத்தும் ஒரே வகையினவாகவே இருக்கும்.

இவ்வேற்றுமையை அறிவியலார்க்கு முன்னரே பொதுமக்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலப் பூந்தோட்டக்காரர் நீள்தம்ப மலரைக் ‘குண்டூசிக் கண்’ என்றும், குறுந்தம்ப மலரைத் தறியில் எஞ்சும் நூன்முனைக் கற்றையை ஒப்பிட்டு ‘நூன்முனைக் கண்’ என்றும் வழங்கினர். கிராமத்துச் சிறுவர் மலர்க்குழாய்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி மாலை தொடுக்க நீள்தம்ப மலரே ஏற்றதெனக் கண்டிருந்தனர் எனச் சாள்ஸ் டார்வின் குறிப்பிடுகின்றார். ஆயினும், கண்ட வேற்றுமைக்குக் காரணம் வினவியவர் அரியர். பலர் அதனைப் பொருளற்ற மாறுபாடென்றே எண்ணி விடுத்தனர்.

எண்ணியதும் எடை காட்டியதும்

1860ஆம் ஆண்டிலே டார்வின் இம்மலர்களை உற்றுநோக்கத் தொடங்கினார். நீள்தம்ப மலரின் குறி கரடுமுரடானது. குறுந்தம்ப மலரின் குறி ஓரளவு வழுவழுப்பானது. மகரந்தமணிகளும் ஒத்தனவல்ல. நீள்தம்ப மலரின் மணி, குறுந்தம்ப மலரின் மணியினும் சிறியது. விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே உடையது. இவற்றைக் கொண்டு அவர் ஒரு கருதுகோளை வகுத்தார். பப்பாசியிலும் பனையிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறாக இருப்பதை நாம் அறிவோம். கௌசிலிப்பும் அந்நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. நீள்தம்பச் செடி பெண் தன்மையும், பெரிய மகரந்தமணியுடைய குறுந்தம்பச் செடி ஆண் தன்மையும் மிகப்பெற்று வருகின்றன என்பதே அக்கருதுகோள்.

இது பொருத்தமாகத் தோன்றும் விளக்கமே. ஆயின் டார்வின் தோற்றத்தோடு அமையவில்லை. கருத்து உண்மையாயின் நீள்தம்பச் செடிகளே மிகுந்த வித்தைத் தரவேண்டும் அன்றோ? தம் தோட்டத்திலும், திறந்த வெளியிலும், நிழல் நிறைந்த காட்டிலும் இருவகைச் செடிகளையும் அடையாளமிட்டு, வித்துகளைச் சேகரித்து நிறுத்துப் பார்த்தார். மூவிடத்தும் குறுந்தம்பச் செடிகளே மிகுந்த வித்தைத் தந்தன. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான இம்முடிவைக் கண்டதும் அவர் தம் முதற் கருத்தைக் கைவிட்டார். கருத்துக்கு உண்மையை வளைக்காது உண்மைக்குக் கருத்தை வளைத்த இச்செயல், அறிவியல் முறையைக் கற்கும் மாணவர்க்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அடுத்து அவர் தாமே மகரந்தச் சேர்க்கை செய்து பார்க்கலாயினார். இருவகைக் குறிகளும் இருவகை மகரந்தங்களும் இருத்தலின் நான்கு சேர்க்கைகள் இயலும். நீள்தம்பக் குறிக்குக் குறுந்தம்பச் செடியின் மகரந்தமும், குறுந்தம்பக் குறிக்கு நீள்தம்பச் செடியின் மகரந்தமும் இடுவன இரண்டு. இவற்றை அவர் முறையான சேர்க்கைகள் என்றார். ஒவ்வொரு வகையையும் அதே வகையின் மகரந்தத்தோடு சேர்ப்பன ஏனை இரண்டு. இவை முறையில் சேர்க்கைகள். முறையான சேர்க்கைகள் நிறைந்த வித்தைத் தந்தன. முறையில் சேர்க்கைகள் குறைந்த வித்தையே தந்தன. முறையில் சேர்க்கைக்கான மகரந்தம் வேறொரு செடியிலிருந்து பெறப்பட்டபோதும் பயன் குறைந்தே இருந்தது. ஆகவே, வேறு செடியாதல் மட்டும் போதாது. வேறு வகைச் செடியாதல் வேண்டும் என்பது பெறப்பட்டது.

இம்முடிவுகளை 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் இலின்னேயன் கழகத்திலே அவர் வாசித்தார். தொடர்ந்து செய்த ஆய்வுகளைத் திரட்டி, ஓரினத் தாவரங்களின் வேறுபட்ட மலர்வடிவங்கள் பற்றிய நூலை 1877இல் வெளியிட்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருங் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற அவரே, தம் சிறு கண்டுபிடிப்புகளுள் இம்மலர்களின் பொருளை உணர்ந்தது போல மகிழ்ச்சி தந்தது வேறில்லை எனத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

பூச்சியின் பணி

இருவகை மலர்க்கும் இடையே தூது செல்வது எது? கௌசிலிப் மலரின் தேன் குழாயின் அடியிலுள்ளது. தேனருந்த வரும் வண்டும் அந்துப்பூச்சியும் தம் நீண்ட உறிஞ்சியைக் குழாயினுட் செலுத்துகின்றன. குறுந்தம்ப மலரிலே மகரந்தக்கூடு வாயிலில் இருப்பதால் மகரந்தம் உறிஞ்சியின் அடிப்பகுதியில், அதாவது தலைக்கு அண்மையில், ஒட்டிக்கொள்கின்றது. அப்பூச்சி நீள்தம்ப மலருக்குச் செல்லும்போது அவ்விடமே வாயிலில் நிற்கும் குறியைத் தொடுகின்றது. மறுபுறம், நீள்தம்ப மலரின் தாழ்ந்த கூடுகளிலிருந்து உறிஞ்சியின் நுனிப்புறத்தில் ஒட்டிய மகரந்தம், குறுந்தம்ப மலரின் தாழ்ந்த குறியை அடைகின்றது. இதனைத் தெளிவதற்கு டார்வின் இறந்த வண்டுகளின் உறிஞ்சிகளையும் பன்றிமயிர்களையும் ஊசிகளையும் மலர்களினுட் செலுத்தி, மகரந்தம் எவ்விடத்தில் ஒட்டுகின்றதென நோக்கினார். வலையிட்டுப் பூச்சிகளை விலக்கிய செடிகள் மிகச் சில வித்துகளையே தந்தன.

இவ்வாறு நோக்குமிடத்து, ஒரு வகை மலரின் அமைப்பை அதனைத் தனித்து ஆராய்வதால் விளக்கவியலாது என்பது புலனாகும். தம்பம் ஏன் நீண்டது என்னும் வினாவுக்கு விடை அம்மலரில் இல்லை. அயலே நிற்கும் மறுவகை மலரின் மகரந்தக்கூட்டின் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே பறக்கும் பூச்சியின் உறிஞ்சியிலும் உள்ளது.

இத்துணைச் சிக்கலான ஏற்பாட்டால் செடி பெறும் நன்மை யாது? தன்மகரந்தச் சேர்க்கையால் பிறக்கும் வழித்தோன்றல்கள் பல இனங்களிலே உயரத்திலும் வலிமையிலும் வித்து வளத்திலும் குறைந்தனவாக இருப்பதை டார்வின் 11 ஆண்டுகள் பரிசோதனை செய்து, 1876இல் ஒரு தனி நூலாக வெளியிட்டார். பெற்றோரிடம் மறைந்து கிடக்கும் தீய இயல்புகள் நெருங்கிய உறவிற் சேரும்போது வெளிப்படுகின்றன என இக்காலப் பரம்பரையியல் அதற்குக் காரணங் கூறும்.

மூவுரு மலர்கள்

இருவகையோடு இயற்கை நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் நீர்க்கரைகளில் வளரும் இலித்திரம் என்னும் செந்நீல மலர்ச்செடியில் நீள்தம்பம், நடுத்தம்பம், குறுந்தம்பம் என மூவகையுண்டு. ஒவ்வொரு மலரிலும் தம்பம் ஒரு நீளமுடையதாக, கேசரங்கள் எஞ்சிய இரு நீளங்களிலும் இரு தொகுதிகளாக நிற்கும். மூவகைக் குறிகளையும் ஆறு தொகுதிக் கேசரங்களையும் இணைத்தால் 18 சேர்க்கைகள் இயலும். அவை அனைத்தையும் டார்வின் செய்து பார்த்தார். குறியும் கூடும் ஒரே உயரத்திலிருந்து வந்த ஆறு சேர்க்கைகளே முறையானவை. எஞ்சிய 12 சேர்க்கைகள் பெரும்பாலும் பயன் குன்றியவை. உயரம் ஒவ்வாத அளவுக்கு வித்து வளமுங் குறைந்தது.

பரம்பரையின் விளக்கம்

டார்வினுக்கு எட்டாதிருந்தது ஒன்றுண்டு. புல்வெளியில் இருவகைச் செடிகளும் ஏறக்குறையச் சம அளவில் இருப்பது எதனால்? மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிப்பட்ட பின்னரே இதற்கு விடை கிடைத்தது. 1905இல் பேற்சனும் கிறெகரியும் குறுந்தம்ப இயல்பு ஆட்சியுடையதென்றும் நீள்தம்ப இயல்பு பின்னிடைவானதென்றும் காட்டினர். குறுந்தம்பச் செடி ஆட்சியியல்பு ஒன்றையும் பின்னிடைவியல்பு ஒன்றையும் கொண்ட கலப்பு நிலையினது. நீள்தம்பச் செடியோ இரு பின்னிடைவியல்புகளும் உடையது. இவ்விரண்டும் சேர வழித்தோன்றல்களுட் பாதி குறுந்தம்பமாகவும் பாதி நீள்தம்பமாகவும் பிறக்கும். அன்றியும், ஒருவகை அருகினால் அதற்கு இணைசேரத்தக்க மறுவகை மிகுந்திருக்கும்; ஆதலின் அருகிய வகை பெருகும். இவ்வாறு சமநிலை தானே பேணப்படுகின்றது.

தம்பத்தின் நீளம், மகரந்தக்கூட்டின் உயரம், மகரந்தமணியின் பருமன் ஆகிய பல இயல்புகள் பிரியாது ஒருங்கே கடத்தப்படுவதேன் என்னும் வினா பல்லாண்டுகள் நீடித்தது. ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கும் பரம்பரையலகுகள் இருவகைச் செடிகளிலும் எதிரெதிரான வடிவங்களில் உள்ளன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2016இல் வெளிவந்த ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியிலே அருகருகாக அமைந்த ஐந்து பரம்பரையலகுகள் குறுந்தம்பச் செடியில் மட்டுமே உள்ளன. நீள்தம்பச் செடியில் அப்பகுதியே இல்லை. அவற்றுள் ஒன்று, கலங்களை நீளச் செய்யும் ஓமோன் ஒன்றைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்குகின்றது. அதனாலே தம்பம் குறுகி நின்றுவிடுகின்றது. மற்றொன்று மகரந்தக்கூட்டின் கீழுள்ள குழாய்ப் பகுதியை நீட்டிக் கூட்டை மேலே உயர்த்துகின்றது. இணைசேர ஒத்த பகுதி நீள்தம்ப நிறமூர்த்தத்தில் இல்லாமையால் இவ்வியல்புகள் கலைந்து பிரிவதில்லை.

இவ்வமைப்பு கூர்ப்பின் வழியில் எவ்வாறு தோன்றியது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. தன் வகை மகரந்தத்தை ஏற்காமை முதலில் தோன்ற, வீணாகும் மகரந்தத்தைக் குறைப்பதற்காக உயர வேற்றுமை பின்னர் அமைந்ததென்பர் ஒருசாரார். உயர வேற்றுமையே முதலில் தோன்றியதென்பர் மற்றொருசாரார். எவ்வாறாயினும், ஒன்றுக்கொன்று உறவில்லாத குறைந்தது 28 தாவரக் குடும்பங்களில் இவ்வேற்பாடு காணப்படுதலின், இயற்கைத் தேர்வு பன்முறை இதே தீர்வை எய்தியுள்ளது என்பது தெளிவு.

வேற்றுமை அழியுமிடம்

கூர்ப்பு என்றால் எளிமையிலிருந்து நுட்பத்தை நோக்கி மட்டுமே செல்வது எனச் சிலர் எண்ணுவர். இம்மலர்கள் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன. தூது செல்லும் பூச்சியும் மறுவகைச் செடியும் உள்ளவரையே இவ்வேற்பாடு பயன்தரும். அவை இல்லாதவிடத்துத் தனித்து வித்துத் தரவல்ல செடியே எஞ்சும். ஸ்கொத்லாந்தின் வடகரையிலும் ஓக்னித் தீவுகளிலும் மட்டுமே வளரும் பிறிமுலா இனம் ஒன்றில் குறியும் மகரந்தக்கூடும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. குளிரும் காற்றும் மிகுந்த அந்நிலத்தில் அச்செடி தன்மகரந்தச் சேர்க்கையாலேயே வாழ்கின்றது. இங்கிலாந்தின் சமசெற் பகுதியிலும் நீள்தம்பமும் உயர்ந்த மகரந்தக்கூடும் ஒருங்கே உடைய பிறிம்றோஸ் செடிகள் மிகுந்திருப்பதை 1940இல் குறொஸ்பி என்பவர் அறிவித்தார். தம்பத்தைக் குறுக்கும் பரம்பரையலகு பழுதுபட்டால் இத்தகைய செடி தோன்றும் என்பதை மேற்கூறிய 2016ஆம் ஆண்டின் ஆய்வுகள் விளக்கின. இச்செடிகள் நாளடைவில் ஏனையவற்றை ஒழித்துவிடும் எனக் குறொஸ்பி கணித்தார். ஆயின் அவை இன்றுவரை இங்கிலாந்து முழுவதும் பரவிவிடவில்லை.

மனிதன் நிலத்தைத் துண்டாடுவதும் இச்சமநிலையைக் குலைக்கின்றது. சில செடிகளே எஞ்சிய புல்வெளித் துண்டில் ஒருவகை தற்செயலாக அழிந்துபோகலாம். அப்போது மற்றையது பூத்தும் வித்துக் குன்றி நிற்கும். எஸ்தோனியா நாட்டிலே 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியில் பொதுமக்கள் பெருந்தொகையினர் புல்வெளிகளுக்குச் சென்று கௌசிலிப் மலர்களின் கண்ணை நோக்கி இருவகைகளையும் எண்ணிப் பதிந்தனர். சிறு கூட்டங்களிலே விகிதம் கூடுதலாகப் பிறழ்ந்திருந்தமை அதனாற் புலனாயிற்று. நுண்பெருக்கிக்கண்ணாடி கூட வேண்டாத இவ்வாய்வு, கூர்ந்த கண்ணும் பொறுமையும் உள்ள எவர்க்கும் இயலுவது.

நமது நாட்டிலே

இப்பொருள் மேனாட்டார்க்கு மட்டும் உரியதென எண்ணவேண்டியதில்லை. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ், இலங்கைத் தாவரங்களைத் தொகுத்துக் கூறும் தம் நூலில், குளங்களிலே மிதக்கும் ஒரு கொடியின் மலர்கள் இருவகையின என்று குறித்தார். இதய வடிவ இலையும், மயிர் செறிந்த வெள்ளிதழும் உடைய அக்கொடி இன்று நிம்போயிடெசு இந்திக்கா எனப்படும். அதன் மலர்களை மதுசாரத்திலிட்டு அவர் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் அவற்றை ஆராய்ந்து தம் 1877ஆம் ஆண்டு நூலிற் சேர்த்துக்கொண்டார்.

நம் வீட்டுத் தோட்டங்களிலுள்ள தமரத்தை மரமும் இருவகை மலருடையது. ஒரு மரம் நீள்தம்ப மலரையும் வேறொன்று குறுந்தம்ப மலரையும் பூக்கும். சில வகைகள் தனித்து நின்றும் காய்க்கும். பலவற்றுக்கோ மறுவகை மரம் அண்மையில் நிற்றல் வேண்டும். பூத்துச் சொரிந்தும் காய்க்காத மரத்தை வெட்டுவதற்கு முன், அதன் மலரைப் பிரித்துத் தம்பத்தின் நீளத்தை நோக்குவது தகும்.

ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் வழங்கும் நீர்க்களை மற்றொரு பாடத்தைத் தருகின்றது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இலித்திரத்தைப் போல மூவகை மலருடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து நீர்நிலைகளை மூடிப் பரவியதால், 1909ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிப்பதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. தாயகத்தில் மூவகையும் உள்ளன. அது குடிபுகுந்த நாடுகளிலோ நடுத்தம்ப வகையே பெரும்பாலும் காணப்படுகின்றது. குறுந்தம்ப வகை தென்னமெரிக்காவுக்கு வெளியே பரவவில்லை. மணஞ்செய்ய இணையின்றியும் இச்செடி ஓடுதண்டினாற் கிளைத்துக் குளம் முழுவதும் பெருகுகின்றது. அழகிய அம்மலரின் மூவகை அமைப்பு, இங்கே பயனிழந்த பழைய ஏற்பாடாகவே எஞ்சி நிற்கின்றது.

ஆகவே, வேற்றுருவ மலர்கள் உணர்த்துவது இதுவாகும்: ஓரினத்தின் வாழ்வு ஒரே வடிவத்தின் பெருக்கத்தால் மட்டும் காக்கப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று வேறாகி, அவ்வேற்றுமையாலேயே ஒன்றுக்கொன்று இன்றியமையாதனவாகிய வடிவங்களாலும் காக்கப்படுகின்றது. ஒன்று அழியின் மற்றையது வளங்குன்றும். அன்றேல் தன் இயல்பை இழந்து வேறாகும். நம் குளத்து நீர்க்கொடியிலும் தோட்டத்துத் தமரத்தையிலும் எவ்வகை எத்தனை உள்ளன என எண்ணிப் பதிந்து வைத்தல் நம் மாணவர்க்கு அரிய செயலன்று. குண்டூசியும் ஒரு சிறு அளவுகோலும் ஒரு குறிப்புப் புத்தகமுமே அதற்கு வேண்டுவன.